ஃபேன் சுற்றாத அறையில் ஃபேன் பூட்டுகிறார்கள்!

உள்ளே விட்டுவிட்டார்கள்! பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் வாங்க வருகிற யாருக்கும் எளிதில் கிடைக்காத தரிசனம் இது. கண்ணாடி கவுன்ட்டர், அதற்குப் பின்னால் நீலமும் ஊதாவுமாக மின்னிச் சுழலும் ஃபேன்கள், "பெஸ்ட் பிரைஸ் சார்" என்று கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டும் கை. எல்லோருக்கும் வாய்ப்பது அவ்வளவுதான். கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு மரப்படி செங்குத்தாக ஏறுகிறதே, அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாக அரிப்பு. "மேலே ஒண்ணும் இல்ல சார், குப்பைதான்" என்றார் கடைக்காரர். அந்தக் குப்பையைத்தான் பார்க்கணும் என்றேன். சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

வாங்க, என் பின்னாலேயே வாங்க. தலையைக் குனிந்துகொள்ளுங்கள். படி முடிகிற இடத்தில் ஒரு உத்தரம் இருக்கிறது. இதுவரை முட்டிக்கொண்டவர்களின் தலை எண்ணெய் அதில் கறுப்பாகப் படிந்திருக்கிறது.

முதல்முறை வருகிறவர்களுக்கு இடம் சொல்லிவிடுகிறேன். சாதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப் பெயரை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை, எஸ்.பி. ரோடுதான். டவுன் ஹாலிலிருந்து பொடிநடை, கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினாலும் பக்கம்தான். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து பழகியவர்களுக்கு வழியே கேட்க வேண்டாம், கூட்டத்தின் சத்தமே சொல்லிவிடும். எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், பக்கத்திலேயே ஓடும் ஜே.சி. ரோடு கார் உதிரிபாகங்களுக்குப் பேர்போனது. அங்கே காருக்கு ரேடியேட்டர் விற்கிறார்கள். இங்கே கம்ப்யூட்டருக்கு ரேடியேட்டர் விற்கிறார்கள். வேலை இரண்டுக்கும் ஒன்றேதான்.

மேலே வந்தாச்சா? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கக் காற்று கிடைத்தால்.

தகரக் கூரை. அதைத் தொடும்வரை அடுக்கிய காலி அட்டைப்பெட்டிகள். வாரன்டி முடியும்வரை ஒன்றைக்கூடத் தூக்கிப் போட முடியாதாம். நடுவே ஒரு நீள மேசை. ஸ்க்ரூக்கள் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியில் கிடக்கின்றன. டிபன் பாக்ஸ் யாருடையது என்று கேட்டேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரும் அடுத்தவரைக் காட்டினார்கள். சுவரில் சாமி படம், அதன் கீழே ஊதுபத்தி ஸ்டாண்டு, அதற்கும் கீழே யாரோ மாட்டிவைத்த அறை வெப்பமானி. அதில் 33 டிகிரி. ஏப்ரல் மதியம். "பெங்களூரே ஒரு ஏசி ஊர்" என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்களை ஒருநாள் இந்த அறைக்கு அழைத்து வரவேண்டும். 2016 ஏப்ரலில் இதே ஊரில் 39.2 டிகிரி வரை போனது.

இப்போது மேலே பாருங்கள். சீலிங் ஃபேன் இருக்கிறது, ஆனால் சுற்றவில்லை.

"ஊருக்கெல்லாம் ஃபேன் மாட்டுறோம். எங்க ஃபேன மட்டும் போட முடியாது" என்கிறார் ஸ்ரீராமபுரத்து அண்ணன். பெங்களூருத் தமிழர். ஸ்ரீராமபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பென்டியம் காலத்திலிருந்து இதே தெரு. சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் திறந்திருக்கின்றன, கழுத்தில் ஒரு துண்டு. சிப்பின் மேல் பேஸ்ட் தடவுகிற நேரத்தில் ஃபேனைப் போட்டால் கூரைத் தூசி மொத்தமும் அதன்மேல் இறங்கிவிடுமாம். அதனால் வேலை நடக்கும்போது ஃபேனுக்கு விடுமுறை. உதவிக்கு இன்னும் இரண்டு பேர். ஒருவர் மண்டியாக்காரர், வாயைத் திறந்தால் "குரு" என்றுதான் ஆரம்பிப்பார். இன்னொருவன் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருக்கும் தம்பி; வேலை கற்றுக்கொள்கிறான், எல்லாருடைய கிண்டலும் அவன் தலையில்தான்.

இன்றைய மாப்பிள்ளை மேசையில் திறந்து கிடக்கிறார். ஓசூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவர் சொல்லிச் செய்கிற மெஷின். முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன, சாயங்காலம் எடுத்துப் போக வந்துவிடுவார். உள்ளே இன்டெல் ஐ9 14900கே. நாலரை சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த வில்லைக்கு உச்ச வேகத்தில் 253 வாட் வரை கணக்குக் கொடுத்திருக்கிறது இன்டெல். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். அதாவது, மூன்று சீலிங் ஃபேன் ஓடும் மின்சாரம் இந்த விரல்கடை இடத்தில் இறங்கி, அத்தனையும் சூடாக மாறுகிறது! அந்தச் சூட்டை யாராவது வெளியே கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும்.

அந்த வேலைக்கு வந்ததுதான் பெட்டியில் இருக்கும் லிக்விட் கூலர். பேச்சில் இதை 'முன்னூத்தி அறுபது' என்கிறார்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று வரிசையாக உட்காரும் நீளம் என்பதால் அந்தப் பெயர். சிப்பின் மேல் ஒரு வட்டமான பம்ப், அதிலிருந்து இரண்டு கறுப்புக் குழாய், அந்தப் பக்கம் ரேடியேட்டர். உள்ளே திரவம் ஃபேக்டரியிலேயே நிரப்பி அடைத்தது, நாம் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியதில்லை.

எங்கே மாட்டுவது என்பதில் ஒரு சண்டை வந்தது பாருங்கள்! காசு கொடுத்துப் பார்க்கலாம்.

"மேல மாட்டு. சூடு மேலதான் போகும், அப்படியே வெளிய தள்ளிடலாம்" என்கிறார் அண்ணன்.

"முந்தெ ஹாக்கு குரு, முன்னால போடு. கூலா இருக்கிற காத்து நேரா ரேடியேட்டருக்குப் போகும்" என்கிறார் மண்டியாக்காரர்.

"முன்னால போட்டா சூடான காத்து கிராபிக்ஸ் கார்டு மூஞ்சியிலதான அடிக்கும்?"

"கல்யாண வீடியோக்கு அது ஆகும், விடு."

தம்பி நடுவில் புகுந்து, யூடியூபில் பார்த்த ஒரு மூன்றாவது வழியைச் சொன்னான். கேபினெட்டின் அடியில் மாட்டலாமாம். இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினார்கள். பம்ப் எல்லாவற்றுக்கும் உச்சியில் போய்விட்டால் குழாய்க்குள் இருக்கிற காற்றுக்குமிழ் மேலேறி அதற்குள்ளேயே தங்கிவிடும், பம்ப் கரகரத்துச் சீக்கிரமே சாகும் என்று இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் பாடம் கேட்டான் பாவம். கடைசியில் தீர்ப்புச் சொன்னது அளவு டேப். மேலே வைத்தால் ரேடியேட்டரின் ஓரம் ரேமின் தலையில் இடிக்குமோ என்று பார்த்தார்கள். ஒரு விரல் இடைவெளி இருந்தது. அண்ணன் ஜெயித்தார். மண்டியாக்காரர் "ஆயித்து, ஆயித்து" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

அடுத்தது ஃபேன்களின் திசை. ஏழு ஃபேன்: முன்னால் மூன்று உள்ளே இழுக்க, மேலே ரேடியேட்டரோடு மூன்று, பின்னால் ஒன்று, இந்த நான்கும் வெளியே தள்ள. திருப்பி மாட்டிவிட்டாலும் ஃபேன் சமர்த்தாகச் சுற்றும், விளக்கும் எரியும், யாருக்கும் தெரியாது. உள்ளே மட்டும் வெந்துகொண்டிருக்கும். தம்பிக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்த பாடம்: "கம்பி குறுக்கால போற பக்கம்தான் காத்து வெளிய வரும். வெறும் இறக்கை தெரியிற பக்கம் உள்ள இழுக்கும்." சில ஃபேன்களின் விளிம்பில் பொடி எழுத்தில் அம்புக்குறி இருக்கிறது. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற அழகை வாடிக்கையாளர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

இப்போது பேஸ்ட். சுற்றி இருக்கிறவர்கள் தள்ளி நிற்கவேண்டும். தும்மல் வருகிறவர் கீழே இறங்கிப் போகவேண்டும், இது எழுதாத சட்டம். சிப்பின் முதுகு, பம்பின் செப்புத் தகடு, இரண்டுமே பார்க்க வழவழப்பு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தில் காற்று ஒளிந்துகொண்டு சூட்டைத் தடுக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் இந்தச் சாம்பல் நிறப் பசை. எப்படி வைப்பது என்பதில் இந்த அறைக்குள்ளேயே மூன்று கட்சி: அண்ணன் குறுக்காக இரண்டு கோடு போடுவார், மண்டியாக்காரர் நடுவில் ஒரே ஒரு சொட்டு, தம்பி அட்டையால் தேய்த்துப் பரப்பும் புதுக் கட்சி. எதை வைத்தாலும் மேலே தகடு அழுந்தினால் பரவிவிடும், வித்தியாசம் பெரிதாக இல்லை என்பது எனக்கே தெரிகிறது. அதை உரக்கச் சொல்லும் துணிச்சல்தான் வரவில்லை.

பேஸ்ட் வைக்கும் முன் அண்ணன் செப்புத் தகட்டிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தார். உரித்ததைக் கீழே போடவில்லை. டியூப்லைட் சட்டத்தில் போய் ஒட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு ஊர்வலமே ஒட்டியிருக்கிறது! எதற்கு இந்த அலங்காரம்? வீட்டிலேயே கூலர் மாட்டிக்கொள்கிற சூரர்கள் பலர் இந்தத் தாளை உரிக்காமலே மாட்டிவிடுவார்களாம். மெஷின் இரண்டு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். சிப் போச்சு, போர்டு போச்சு என்று பதறித் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வருவார்கள். "அவங்க முன்னாடி உரிச்சா வெக்கப்படுவாங்க சார். டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு உரிச்சிடுவோம்" என்றார். மேலே ஒட்டியிருப்பதில் பாதி அப்படி வந்ததுதான். பெயர் மட்டும் எதிலும் எழுதவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே இந்தக் கடைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பம்பை உட்காரவைத்து ஸ்க்ரூவை முடுக்குகிறார்கள். ஒரே மூலையை முழுசாக முறுக்கக் கூடாது. எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக. அண்ணனின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத்துளி திரண்டு ஆடுகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்க்கிறேன். மண்டியாக்காரர் எட்டி, கழுத்துத் துண்டின் முனையால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் தன் வேலைக்குத் திரும்பினார். அப்பாடா!

சீலிங் ஃபேன் போட்டார்கள். பின்னாலேயே டீயும் வந்தது.

பெங்களூரில் டீயை முழுசாகக் குடிப்பது ஆடம்பரம். 'பை டூ' சொன்னால் ஒன்றை இரண்டாக்கித் தருவார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தம்பி ஒரு கவலையைக் கிளப்பினான்: ஃபேன் ஏழு இருக்கிறது, போர்டில் சொருகும் இடம் அத்தனை இல்லையே? மண்டியாக்காரர் ஒரு ஒயரைத் தூக்கிப் போட்டார். ஒரு முனை போர்டுக்கு, மறுமுனை இரண்டாகப் பிரிந்து இரண்டு ஃபேனுக்கு. "ஃபேனுக்கும் பை டூ, குரு!" டீ புரையேறியது எனக்குத்தான்.

அடுத்த காட்சிக்குக் கேபினெட்டைத் திருப்பிப் போடுகிறார்கள். இந்தப் பக்கத்தை நீங்கள் பார்த்ததே இல்லை, பந்தயம் கட்டுகிறேன். கண்ணாடி பதித்த பக்கம் கல்யாண மண்டபம் என்றால், இது அதன் சமையல்கட்டு. ஒவ்வொரு ஃபேனுக்கும் சுற்றுவதற்கு ஒரு ஒயர், மினுங்குவதற்கு ஒரு ஒயர். ஏழுக்குப் பதினான்கு. பம்புக்குத் தனி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிளம்பும் தடித்த கேபிள்கள் வேறு. எல்லாவற்றையும் இரண்டு விரல் தடிமனுள்ள இடைவெளியில் ஒளித்து, டை போட்டு இறுக்கி, மேலே தகரக் கதவை மூடவேண்டும். மொத்த வேலையில் அதிக நேரம் தின்பது இதுதான். ஆனால் பில்லில் இதற்கென்று ஒரு வரிகூடக் கிடையாது.

தம்பி முட்டிபோட்டு உட்கார்ந்து ஒயர்களைக் கோதி விடுகிறான். அண்ணன் கதவைச் சொருகிப் பார்க்கிறார், நடுவில் புடைக்கிறது. திறந்து, ஒரு கட்டை வெட்டி, மறுபடி கோதல். மறுபடி புடைப்பு. கடைசியில் கேபினெட்டைத் தரையில் படுக்கவைத்து, அண்ணன் ஒரு முழங்காலைக் கதவின்மேல் வைத்து அழுத்த, மண்டியாக்காரர் சட்டென்று ஸ்க்ரூவைத் திருகிவிட்டார். ஓசூர்க்காரர் ஆசையாகத் தடவிப் பார்க்கப்போகும் அந்தக் கதவின் உள்ளே ஒரு முழங்காலின் ஆசீர்வாதம் இருக்கிறது. இது நமக்குள் இருக்கட்டும்.

ஸ்விட்ச் போடும் நேரம். தம்பிக்குத்தான் அந்தக் கௌரவம். அழுத்தினான். விளக்கெல்லாம் எரிந்தது, ஃபேன்கள் கிளம்பின, திரையில் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது: சிபியு ஃபேன் எரர்! தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. மற்ற இருவரும் அசையவே இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ரேடியேட்டர் ஃபேன்களை வேறொரு முனையில் சொருகியிருந்தான். சிபியுவுக்கென்று எழுதிவைத்த முனை காலி. ஃபேனே இல்லை என்று போர்டு பயந்துவிட்டது, அவ்வளவுதான். மாற்றிச் சொருகினார்கள். பெரியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். வேண்டுமென்றே விட்டுவைத்தீர்களா என்று கேட்டேன். "ஒருதடவ பயந்தா மறக்கமாட்டான் சார்."

இரண்டாம் முறை ஓடத் தொடங்கியதும் பம்புக்குள்ளிருந்து களக், களக் என்று ஒரு சத்தம். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கத்தான் செய்யும், அது ரேடியேட்டரின் மேல்மூலைக்குப் போய்ச் சேரவேண்டும். அண்ணன் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை இரண்டு கையாலும் அணைத்து மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கிறார், காதை அதன்மேல் வைத்துக்கொண்டே. களக்... களக்... நின்றது. அண்ணன் சிரித்த சிரிப்பைப் படமெடுத்திருக்கவேண்டும்.

இனிமேல்தான் சூதாட்டம்! மெஷினுக்கு வேண்டுமென்றே முழு வேலை கொடுத்து, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஆளுக்கொரு எண் சொல்லவேண்டும், கிட்டத்தில் சொன்னவர் தவிர மற்றவர்கள் அடுத்த டீக்குக் காசு. அண்ணன் 88. மண்டியாக்காரர் 92. தம்பி பயந்துபோய் 96. என்னையும் கேட்டார்கள். கற்றுக்குட்டியின் தைரியத்தில் 70 என்றேன், அறையே அதிரச் சிரித்தார்கள். திரையில் எண் ஏறுகிறது: 61, 74, 83. ஃபேன்கள் குரலை உயர்த்துகின்றன. பம்ப் ஒரே வேகத்தில் ஓடுகிறது, ஃபேன்கள்தான் சூட்டுக்குத் தக்கபடி வேகம் கூட்டுகின்றன. 89 வந்ததும் அண்ணன் துண்டை வீசிவிட்டார். 93-ல் போய் நின்றது, அங்கேயே நின்றது. 100-ஐத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு இன்னும் இடமிருக்கிறது. மண்டியாக்காரர் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்று ஆடினார். இந்தச் சோதனையில் கிடைக்கும் சூடு, கல்யாண வீடியோ எடிட்டிங்கில் எப்போதாவதுதான் வரும்.

இங்கே நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. பெட்டியின் மேல் 'லிக்விட்' என்று பெரிதாக எழுதி விலை வைக்கிறார்கள், புகழெல்லாம் தண்ணீருக்குத்தான். தண்ணீர் சூட்டைச் சுமக்கிறது, மறுக்கவில்லை. ஒரே அளவு இடத்தில் காற்றைவிட 3,000 மடங்குக்கும் மேல் சுமக்கும். ஆனால் சுமந்து கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அங்கிருந்து வெளியே துரத்துவது, இரண்டு மூன்று வாட் குடித்துக்கொண்டு சுழலும் அந்தச் சாதாரண ஃபேன்தான். அது இழுப்பதும் இந்த அறையின் 33 டிகிரிக் காற்றைத்தான். அறை சூடானால் சிப்பும் சூடாகும். "சென்னைக்குப் போற மெஷின்னா இன்னொரு ஃபேன் சேத்து மாட்டுடா" என்பது இங்கே நிரந்தர ஜோக். நானும் என் பங்குக்கு, பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே காற்றே கொஞ்சம் மெலிசு, சூடு தூக்கும் சக்தியும் கொஞ்சம் குறைவு என்று எடுத்துவிட்டேன். அண்ணன் யோசித்துவிட்டு, "அப்ப இங்கயும் ஒரு ஃபேன் சேத்துடலாம்" என்றார்.

காற்று சரியான வழியில் போகிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? சாமி படத்துக்குக் கீழே ஒரு ஊதுபத்தி ஸ்டாண்டு சொன்னேனே! காலையில் பூஜைக்கு ஏற்றியதில் மிச்சமிருந்த துண்டைப் பற்றவைத்து, கேபினெட்டின் முன்னால் பிடிக்கிறான் தம்பி. புகை நேராக உள்ளே ஓடி, கிராபிக்ஸ் கார்டின் மேல் ஒரு வளைவு வளைந்து, கூரை வழியே மல்லிகை வாசத்தோடு வெளியே வருகிறது. எத்தனை மீட்டர் வைத்து அளந்தாலும் இந்தச் சுகம் கிடைக்காது. நான் இன்னொருதரம் காட்டச் சொன்னேன். காட்டினான். இன்னொருதரம் கேட்க வெட்கமாக இருந்தது.

ஜன்னலோர மேசைக்கு வாங்க. இங்கே நடப்பது பணக்கார வேலை: 'கஸ்டம் லூப்'. ரெடிமேடு கூலர் கிடையாது. பம்ப், தொட்டி, குழாய் எல்லாம் தனித்தனியாக வாங்கி, கேபினெட்டின் அளவுக்குக் குழாயை வளைத்துப் பூட்டுவது. கண்ணாடி நிறத்தில் பிளாஸ்டிக் குழாய். உள்ளே ரப்பர் கயிறு நுழைத்துக்கொண்டு, ஹீட் கன்னின் அனலில் திருப்பித் திருப்பிக் காட்டி, இளகும் நொடியில் வளைக்கவேண்டும். ஒரு நொடி முந்தினால் கசங்கும், பிந்தினால் குமிழி விடும். மேசைக்கடியில் ஒரு பக்கெட் நிறையக் கோணல்மாணலாகக் குழாய்கள். விலையுயர்ந்த தோல்விகள். ஏற்கெனவே 33 டிகிரி அறையில் ஹீட் கன் வேறு! அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. துண்டைப் பிழிந்தார், நிஜமாகவே பிழிந்தார்.

குழாய் பொருந்தியதும் திரவம் ஊற்றும் சடங்கு. தொட்டியின் வாயில் தம்பி புனலைப் பிடித்திருக்கிறான், மண்டியாக்காரர் கையில் பாட்டில். "திறந்து விடுங்க சார்" என்றான் தம்பி. காவிரியின் கே.ஆர்.எஸ். அணை இருக்கும் மாவட்டத்துக்காரர் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிருஷ்ணகிரிப் பையனைப் பார்த்துக் கேட்டார்: "எத்தனை டிஎம்சி?"

படிக்குக் கீழே கல்லாவில் இருந்தவர்கள் என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு.

காவிரி இந்த ஊருக்குக் குடிநீராக வருவதற்கே சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றப்படுகிறது. 2024 மார்ச்சில், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்கிற அளவுக்கு இங்கே தட்டுப்பாடு. அத்தனை கஷ்டப்பட்டு வரும் அந்தத் தண்ணீருக்கும் இந்தக் குழாய்க்குள் அனுமதி இல்லை! குழாய்த் தண்ணீரில் இருக்கிற உப்பு உள்ளே படியும், உலோகத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் இதற்கென்றே விற்கும் திரவம்தான். பாசி பிடிக்காமலிருக்க அதில் மருந்தும் உண்டு.

ஊற்றியதும் மெஷினைப் போட்டுவிடமாட்டார்கள். பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, போர்டைத் தூங்கவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் சுருட்டி வைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுவார்கள். காகிதம் ஈரமாகிறதா என்பதுதான் தேர்வு. கடை பூட்டிய பிறகு யார் பார்ப்பது? கடைக்காரர் தன் போனை எடுத்துக் காட்டினார். சிசிடிவி கேமரா ஒன்று கல்லாவைப் பார்க்காமல் இந்த மேசையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது! நடுராத்திரி எழுந்து டிஷ்யூ பேப்பரைப் பார்த்துவிட்டுப் படுப்பாராம். "வீட்டுல திட்டுறாங்க. யாரைப் பார்த்துட்டு இருக்கீங்கன்னு கேக்குறாங்க."

கசிவு பயம் இவருக்கு மட்டுமில்லை. ஆப்பிள் 2004-ல் பவர் மேக் ஜி5-ஐத் திரவக் குளிர்ச்சியோடு விட்டபோது, சில மெஷின்கள் பின்னாளில் ஒழுகி உள்ளேயே அரித்துத் தீர்த்தன. அதற்கும் முன்னால், 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டர் இந்தப் பயத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்டது: மின்சாரம் கடத்தாத ஃப்ளூரினர்ட் என்ற திரவத்துக்குள் சர்க்யூட் மொத்தத்தையும் முக்கியே வைத்துவிட்டார்கள்! அதைச் சொன்னதும் மூவரும் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றார்கள். அப்புறம் தம்பி, "ஆர்ஜிபி லைட் இருந்துச்சா சார்?" என்றான். 2009-ல் கோர்சேர் எச்50 மாதிரி அடைத்த கூலர்கள் வந்த பிறகுதான் சாதாரண ஆள் பயமில்லாமல் இதைத் தொட ஆரம்பித்தார். இந்த மாடியறைக்கு வேலையும் அப்புறம்தான் பெருகியது.

பின்பக்கத்தில் ஒரு பால்கனி இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நடை. சர்வீஸுக்கு வந்த பழைய மெஷின்களைத் தூசி ஊதும் இடம். தம்பி முகத்தில் கைக்குட்டை, கையில் ப்ளோயர். ஊதும்போது ஒரு விரலால் ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்கிறான். விட்டால் அது தறிகெட்டுச் சுழன்று பேரிங் போய்விடுமாம். மெட்ரோ வேலைத் தூசி, தலைமுடி, பூனை முடி, பல்லி முட்டை, ஊதுபத்திச் சாம்பல் என்று ரேடியேட்டரின் சன்னமான தகடுகளுக்கு இடையே ஒரு குடும்பத்தின் வரலாறே அடைந்து கிடக்கிறது. ஒருமுறை ஒரு மெஷினின் அடியில் ஒற்றைத் தங்கக் கம்மல் கிடைத்ததாம். போன் போட்டுச் சொன்னார்கள். மறுமுனையில் அந்த அம்மா சந்தோஷத்தில் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. உடனே குரல் இறங்கி, "மூணு வருஷமா வேலைக்கார அம்மாவ சந்தேகப்பட்டுட்டு இருந்தேனே" என்று சொன்னதும் கேட்டது.

கீழே ஹாரன் சத்தம். ஓசூர்க்காரர் வந்தாச்சு!

இப்போது பாருங்கள் வேடிக்கையை. அண்ணன் பொத்தான்களைப் போட்டு, துண்டை எடுத்து ஒளித்து, தலையை வாரிக்கொண்டு இறங்குகிறார். கேபினெட்டின் கண்ணாடியில் ஒரு கைரேகை இல்லாமல் துடைத்தாயிற்று. கவுன்ட்டரில் வைத்து ஸ்விட்ச் போட்டதும் ஏழு ஃபேனும் மயில்கழுத்து நிறத்தில் எரிகின்றன. வந்தவர் அப்படியே சொக்கிப்போனார். பேஸ்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. திசையைப் பற்றிக் கேட்கவில்லை. 93-ஐப் பற்றியும் கேட்கவில்லை. "இந்தக் கலர கொஞ்சம் மஞ்சளா மாத்த முடியுமா? முகூர்த்தத்துக்கு மங்களகரமா இருக்கும்" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல், பார்க்கவே பார்க்காமல், மௌஸை எடுத்து மஞ்சளாக்கிக் கொடுத்தார்.

பெட்டியைத் தூக்கி ஆட்டோ வரைக்கும் நாங்கள் எல்லோருமே போனோம். சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு என்றதும் டிரைவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார் இது, இவ்ளோ பெரிசா?"

"கம்ப்யூட்டர். லிக்விட் கூலிங் வெச்சது."

"ஏசி வெச்ச பொட்டியா? அப்ப மீட்டர் மேல அம்பது போட்டுக் குடுங்க."

பேரம் முப்பதில் முடிந்தது. வண்டி கிளம்பி மார்க்கெட் நெரிசலுக்குள் நுழையும்போது அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்: "நிமித்தி வெக்காதீங்க, குலுங்கும்! கண்ணாடி மேல பாக்குற மாதிரி படுக்க வைங்க!"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யாரண்ணா, பொட்டியயா, இவரயா?"